குறிப்பு என்ற கட்டம்

தை பிறந்தால் கோழிஞ்சாம்பாறையில்
கிழக்குக் காற்றுக்கு வேலை அதிகம்.
வேலந்தாவளம் சோதனைச்சாவடியில்
லாரிகள் நிற்கும், அது நிற்காது.
பிழிந்து போட்ட சேலையை
அரைமணியில் அட்டையாக்கிக் கொடுக்கும்.
இலையிடம் என்ன செய்கிறது என்று
எடைபோட்டுச் சொல்ல எனக்குச் சம்பளம்.

நிலத்துக்குள் இறக்கிய இரும்புத் தொட்டி,
அகலம் ஒன்று, நீளம் இரண்டு மீட்டர்.
தொட்டிக்கு அடியில் தராசு.
உள்ளே மண், மண்ணில் நிலக்கடலை.
மண் தன் பங்குக்கு ஆவியாகிக்
கணக்கைக் குழப்பாதிருக்க
தண்டின் கழுத்துவரை கறுப்புப் பாலித்தீன்.
இனிக் குறைவதெல்லாம்
இலை வழியாகப் போனது.
இரண்டு கிலோ குறைந்தால் ஒரு மில்லிமீட்டர்.
மழைக்கு வைத்த அதே அளவுதான்
மேல்நோக்கிப் பெய்வதற்கும்.

லிஜி டாக்டருக்குத் திருச்சூர்.
அவர் மொழியில் இது சஸ்யஸ்வேதனம்,
செடியின் வியர்வை.
முதல்நாள் என் காதில்
வேதனை என்றே விழுந்தது.
தமிழில் என்ன என்று கேட்டார்.
நீராவிப்போக்கு.
போக்கு என்றால்?
போவது. போகிற வழி.
பையன் போக்கு சரியில்லை என்றும் சொல்வோம்.
சிரித்துவிட்டு
இலைக் கவ்வியின் மின்கலத்தை மாற்றினார்.

வியர்வை என்று எனக்குத் தோன்றவில்லை.
என் சுடிதாரின் முதுகில்
உப்பு ஒரு வரைபடம் போட்டிருக்கிறது.
இலை உப்பைப் பத்திரப்படுத்திக்கொண்டு
நீரை மட்டும் அனுப்புகிறது,
அதுவும் கண்ணுக்குப் படாமல்.
துளியாக வெளியே வந்தால்
அதற்குப் பெயர் வேறு, பதிவேடு வேறு.

பதினோரு மணிக்கு இலையைக் கவ்வினால்
ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு நொடிக்கு
இத்தனை மில்லிமோல் என்கிறது திரை.
பன்னிரண்டரைக்கு அதில் பாதி.
துளைகளைச் சாத்திக்கொண்டுவிட்டது செடி.
எவ்வளவு நேரம் சாத்தும்?
சோற்றுக்கான காற்று வருவதும் அதே வாசல்.
அடைத்தால் தண்ணீர் மிச்சம்,
அடுப்பு எரியாது.

பத்தொன்பதாம் தேதி. மாலை நாலு பத்து.
கணினியில் கோடு எழுந்து நின்றது:
இருபத்து மூன்று கிலோ கூடுதல்.
பதினேழு நிமிடம் அப்படியே.
பிறகு சரிந்தது,
முன்பிருந்ததைவிடக் கீழே
ஒரு கிலோ நூறு கிராம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன்.
வேலிக் கம்பியில் கொஞ்சம் மயிர்.
பாலித்தீனில் குளம்புத் தடம்.
ஜெய்னம்புவின் வெள்ளாடு.
தின்றுகொண்டிருந்தவரை எடை மாறவில்லை:
இலை ஆட்டுக்குள், ஆடு தராசில்.
இறங்கியபோதுதான் இழப்பு.

அந்தப் பதினேழு நிமிடத்தை
நீக்கிவிடலாமா என்று போனில் கேட்டேன்.
மாய்க்கண்டா, என்றார் லிஜி டாக்டர்.
கழித்துக் கணக்கிடு, குறிப்பில் எழுது.
போனது வேறு, போகவைத்தது வேறு.

இருட்டுவதற்குள் ஜெய்னம்பு வந்தாள்,
கையில் கயிறும் ஐம்பது ரூபாயும்.
எவ்வளவு தின்னுச்சு?
ஒரு கிலோ நூறு.
இன்னிக்குக் காத்து எவ்வளவு தின்னுச்சு?
எட்டு கிலோ எழுநூறு.
கணவாய்ப் பக்கம் கையைக் காட்டி,
அங்க யாருகிட்டக் காசு கேப்பீங்க, என்றாள்.
ஐம்பது ரூபாயை மடித்து இடுப்பில் செருகினாள்.

மறுநாள் அதே வெயில், அதே காற்று.
குறைந்தது ஐந்தரை கிலோதான்.
இலை இல்லாத இடத்தில்
போகவும் வழி இல்லை.

குறிப்பு என்ற கட்டம்
விரல் நக அளவுதான்.
என் பேனா இரண்டு எழுத்தோடு நின்றது.
வெள்ளிக்கிழமை பதிவேடு பார்க்க வந்த லிஜி டாக்டர்
தமிழ் வாசிக்கத் தெரியாமல்
எழுத்தைக் காட்டிக் கேட்டார்.
ஆடு, என்றேன்.
ஆடு, என்றார் அவரும்,
மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாமல்.