இப்போதைக்கு

முக்கூடல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர்,
சுற்றாத ஃபேன்.
கலவரம் ஓய்ந்த பதினோராம் நாள்
நெட் திரும்பி வந்தது,
வடிகட்டியோடு.

முதலில் மாட்டியது முப்பிடாதியின் மகள்.
காலேஜில் சேரக் கடைசித் தேதி.
சாதிச் சான்றிதழ் என்று அடித்தால்
வெள்ளைத் திரை, நடுவில் ஒரு பூட்டு.
அந்தக் கட்டத்தை நிரப்பு என்பதும் சர்க்கார்,
அந்தச் சொல்லைத் தொடாதே என்பதும் சர்க்கார்.
நான் என்னட்டி செய்ய என்றேன்.
பின்னாலேயே ஹெட்மாஸ்டர் வந்து நின்றார்,
சாதித்த மாணவிக்கு அனுப்பிய வாழ்த்து
போகவில்லை என்று.

வெட்டு கூடாது. சரி.
மின்வெட்டுக்குப் புகார் ஏறவில்லை.
வெட்டுக்கிளி தின்ற உளுந்துக்கு நிவாரணம் கேட்ட
சொரிமுத்து அண்ணாச்சி
'பச்சையாய்த் துள்ளுகிற ஒன்று' என்று எழுதினார்.
தவளையா என்று பதில் வந்தது.

குண்டை அடைத்தார்கள்,
சங்கரன்கோவில் வியாபாரிக்குக்
குண்டுமல்லி விலை தெரியவில்லை.

பிறகு கள்ளை அடைத்தார்கள்.
அன்றோடு பன்மை செத்தது.
மாடு போகும், மாடுகள் போகாது.
பீடிச் சங்கத்து அறுபத்திரண்டு பெண்கள் கொடுத்த மனு
ஒரே ஒரு பெண்ணின் மனுவாய்ப் போய்ச் சேர்ந்தது.
நீங்கள் என்று எழுத வழியில்லாமல்
தாசில்தாரை அது
நீ என்று கூப்பிட்டது.

சிரித்தோம், இல்லை என்று சொல்லவில்லை.

யாருக்காக அடைத்தார்களோ
அவன்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.
'ராத்திரி வாய்க்கால் பாலத்துக்கு
எட்டுக் கரும்பு கொண்டா.'
ரெண்டு நீல டிக்.
மறுவாரம் கரும்பும் பட்டியலில் ஏறிற்று,
ஆலைப் பாக்கி கேட்க நாலு பேர்
பஸ் ஏறித் திருநெல்வேலி போனார்கள்.

அதே ராத்திரிதான்
தளவாயின் சம்சாரம் வயலுக்கு வாங்கியதைக் குடித்தாள்.
டப்பாவில் இருந்த பெயரைத் தேடினான். பூட்டு.
ஊர் குரூப்பில் விஷம் என்று போட்டான். போகவில்லை.
இன்னொரு சொல்லும் போகவில்லை.
கை நடுங்க,
'அவளுக்குச் சுகமில்லை, யாராவது வாங்க'
என்று போட்டான்.
அது போயிற்று.
எல்லோரும் கும்பிடுகிற கை பொம்மை போட்டுவிட்டுப்
படுத்தோம்.
நானும் ஒன்று போட்டேன்.

ஜில்லா ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார்.
டீ வாங்கிக் கொடுத்தேன்.
இப்போதைக்குத்தாம்மா இந்த ஏற்பாடு என்றார்.
அவர் ஜீப் திரும்பியதும்
அந்தச் சொல்லை அடித்துப் பார்த்தேன்.
பூட்டு.
நடுவில் போதை இருக்கிறதே.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து
பிழைத்து வந்தவள்
நேற்று காப்பீட்டுப் பாரத்தோடு வந்தாள்.
ஏழாவது கட்டம்: காரணம்.
என் விரல் நின்றது.
அவள் திரையைப் பார்க்கவில்லை,
ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுகமில்லை, என்று அடித்தேன்.
போயிற்று.