அரை வீசை

திரையைத் திருப்பிக் காட்டி
எண்ணூற்று ஐம்பது கிராம் என்றாள் டாக்டர்.
எனக்குக் கிராம் பிடிபடாது.
பயின்னவுங் சந்தையில் பத்து வருஷமாக
உளுந்துக்கு ரசீது போடுகிறவள்.
மனசுக்குள் மாற்றிக்கொண்டேன்:
அரை வீசை,
மேலே ஒரு சிறங்கை.

அட்டையில் நான் மா கின் சூ.
வீட்டில் அமிர்தவல்லி.
இருபத்தாறு வாரம்
இருவருக்கும் பொது.

நர்ஸ் மூச்சுவிடாமல் சொன்னதில்
பாதிதான் நினைவிருக்கிறது.
இடப்பக்கம் சாய்ந்து படு.
இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதே.
வயிறு கல்லாய் இறுகும், தானே இளகும்,
இளகினால் பயமில்லை.
முகம் வீங்கினால்,
கண்ணில் பூச்சி பறந்தால்,
தலைவலி விடாமல் இடித்தால்,
ஒரு சொட்டு ரத்தம் கண்டாலும்
விடியட்டும் என்று காத்திருக்காதே.

விடியுமுன் வண்டிக்கு எங்கே போவது?
அதை அவளிடம் கேட்கவில்லை.
பக்கத்து வீட்டுக் கோ ஸோ ஊ
டாக்ஸியின் பின்சீட்டைத் துடைத்துக் காட்டினார்.
நாலு லிட்டர் பெட்ரோலைத் தனியே வைத்து
உன் பேரை எழுதியிருக்கிறேன் என்றார்.
எந்தப் பேர்?
சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை.

வெறும் வயிற்றில் குளுக்கோஸ் தண்ணீர்.
இரண்டு மணி நேரம் பெஞ்சில்.
பக்கத்தில் இருந்தவள் வாந்தியெடுத்தாள்,
நாளைக்கு மறுபடி வா என்று அனுப்பினார்கள்.
நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.
எனக்கு ஒரு நாள்தான் லீவு.

லுங்கியைப் பற்றி யாரும் சொல்லவில்லை.
புதுத்துணி தேவையில்லை,
சொருகுகிற இடம்தான் நகர்கிறது.
திஞ்ஞான் தண்ணீரில் நனைந்தபோது இடுப்பில்.
மழை பிடித்தபோது தொப்புளுக்கு மேல்.
இப்போது நெஞ்சுக்குக் கீழே நாலு விரல்.

ஜொகூரிலிருந்து ராஜமாணிக்கம் கூப்பிட்டான்.
தேக்கில் தொட்டில் சொல்லட்டுமா என்றான்.
தொட்டில் இருக்கட்டும்.
அட்டையில் ரத்தம் என்ற கட்டத்தில்
எனக்கு ஒரு கழித்தல் குறி.
இருபத்தெட்டில் ஓர் ஊசி போடவேண்டும்,
மூன்று மருந்துக்கடையில் கேட்டாயிற்று,
வந்தால் சொல்கிறோம் என்கிறார்கள்.
அவன் பேசாமல் இருந்தான்.
லைன் அறுந்ததா என்று
இருவரும் ஒரே நேரத்தில் ஹலோ என்றோம்.

மறுநாள் கிட்டங்கியில்
மூட்டை தூக்கும் ஜப்பார்
சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து
என் தராசுத் தட்டில் வைத்தான்.
அதிலும் அதே எழுத்து, அதே கழித்தல் குறி.
"ராத்திரியானாலும் கூப்பிடுக்கா"
என்று சொல்லிவிட்டு
அடுத்த மூட்டைக்குக் குனிந்தான்.
அந்த அட்டையின் எடையை
எந்த ரசீதில் எழுதுவேன்.

நள்ளிரவில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கிறது.
சுவரில் பாதத்தை ஊன்றி
நூறு எண்ணுகிறேன்.

அசைவை எண்ண
இருபத்தெட்டு ஆகட்டும் என்றார்கள்.
நான் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
இப்போதே தொடங்கிவிட்டேன்.
மூட்டைக்குப் போடுவதுபோல
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நேற்றுச் சாயங்காலம் ஏழில் நின்றது.

கரண்ட் இல்லை.
இடப்பக்கம் சாய்ந்தேன்.
தண்ணீர் குடித்தேன்.
கண்ணு, ஒரு தடவை, என்றேன்.
பர்மியத்திலும் கெஞ்சிப் பார்த்தேன்.
ஏழு ஏழாகவே இருந்தது.
இந்த வாரத்தில் அப்படித்தான் முன்பின்னாக இருக்கும்
என்று நர்ஸ் சொன்னது
இருட்டில் உதவவில்லை.

ஸோ ஊவின் கதவைத் தட்ட
செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தபோது
தெரு முழுக்க ஒரே கூச்சல்:
மீ லாபீ! மீ லாபீ!
விளக்கு வந்துவிட்டது.
எதிர்வீட்டு டிவி, மாடியில் தண்ணீர் மோட்டார்,
என் தலைக்கு மேல் விசிறி,
விலாவுக்குக் கீழே
ஓர் உதை.

எட்டு.
உனக்கு முதலில் கேட்ட பாஷை அதுதானா?
இருக்கட்டும், பரவாயில்லை.
சுவரைப் பிடித்துக்கொண்டு பென்சிலைத் தேடினேன்.

ஒன்பது.
குறுக்குக் கோட்டுக்கு
இன்னும் ஒன்று பாக்கி.