அறுபதாம் இடம்

கடல் உறைந்து பதினோரு நாள்.
ஹீயுமா தீவுக்கு வண்டி விடலாமா என்று
மணிக்கு நாலு பேர் கேட்கிறார்கள்.
ஆஹ்தோ துளைக்கருவியோடு பனிமேல் போயிருக்கிறான்.
லேலோ உள்ளே இருக்கிறாள்
ஒரு பழைய கோப்போடு.

எடையும் தடிமனும் கொடுத்தால்
போகலாம், போகாதே என்று சொல்லுமாம் அது.
எழுதியவர் இப்போது தார்த்துவில் பல் மருத்துவர்.
மூலநிரல் எங்கே என்று கேட்டதற்கு
"எந்த மூலநிரல்?" என்றார்.

இரட்டைச் சொடுக்கு.
'இது உங்கள் கணினியில் இயங்காது.'
பிறகு யாருடையதில் இயங்கும்?
அதை மட்டும் சொல்லவில்லை.

ஏறி நின்று பனியைச் சோதிப்பவன்
ஒருமுறைதான் சோதிப்பான்.
ஆகவே ஓட்ட வேண்டாம், துளைபோட்டுப் பார்ப்போம் என்று
பத்து வரி எழுதினாள்.

திற, வாசிக்க மட்டும்.
முதல் இரண்டு பைட்டு: எம், இசட்.
அது தெருப்பெயர்.
எந்த வீட்டில் யார் என்று சொல்லாது.
அறுபதாம் இடத்துக்குப் போ.
அங்கே நாலு பைட்டில் ஒரு முகவரி.
அந்த முகவரியில் பி, இ, இரண்டு சுழியம்.
அவற்றை ஒட்டி
இன்னும் இரண்டே பைட்டு.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால்
இந்தப் பானைக்கு இரண்டு.

84 01.

சின்னது முன்னால் நிற்கும் வரிசை இது;
திருப்பினால் 0184.
அவள் அட்டவணையில் இன்டெல் இருந்தது,
ஆர்ம் இருந்தது, இட்டானியம்கூட இருந்தது.
இது இல்லை.
'தெரியாது' என்று அச்சிட்டது
அவளே எழுதிய நிரல், அவள் முகத்துக்கு நேராக.

ஒரு மணிநேரம் ஆவணங்களில் தேடினாள்.
ஆல்ஃபா.
செய்வதை நிறுத்திப் பல ஆண்டான சில்லு.
அட்டவணையில் ஒரு வரி கூட்டினாள்.
இனி யாரும் கேட்கப் போவதில்லை.
இருந்தாலும்.

ஆஹ்தோ வந்தான். தாடி முழுக்க வெள்ளை.
"கரையோரம் இருபத்தாறு. நடுவில் பதினெட்டு."
"இது ஆல்ஃபாவுக்கு எழுதியதாம்."
"நம் பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறதே ஒரு பெட்டிமேல்,
அதில் அப்படித்தான் ஏதோ எழுதியிருக்கும்."

பிரிண்டரை இறக்கினார்கள்.
தூசிக்கு அடியில், ஆமாம், அதே பெயர்.
இத்தனை குளிர்காலமாக
அதன் தலையில்தான் காகிதம் அடுக்கியிருக்கிறாள்.

எழுந்திருக்க ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டது.
வருடம் தொண்ணூற்றெட்டு என்றது; யாரும் திருத்தவில்லை.
இரண்டு டன். பதினெட்டு.

போகாதே.

"அது எனக்குத் துளைபோடும்போதே தெரியும்"
என்று ஆஹ்தோ கையுறையைக் கழற்றினான்.
மணி அடித்தது.
லேலோ எடுத்து, இன்னும் இல்லை என்றாள்,
பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து.
வெதுவெதுப்பாக இருந்தது.