ஒன்பதாம் பக்கம்

லோர்னா ஹாவிஸ்டோவின் முகம் எனக்குத் தெரியாது.
அவளுடைய சிறுநீர்ப்பையைத் தெரியும்.
டுலூத் மருத்துவமனை, மூன்றாம் மாடி, ஜன்னலில்லாத அறை.
அங்கிருந்துதான் நான் அதற்கு விலை போடுகிறேன்.

பதினோரு வருடம் முன்பு கருப்பை வாயில் புற்று.
இருபத்தெட்டு நாள் கதிர் வைத்தார்கள்.
புற்று போய்விட்டது. அந்தக் கணக்கை மூடியதும் நான்தான்.
கதிர் மட்டும்
வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி உள்ளேயே இருந்து
போன அக்டோபரில் ரத்தமாக இறங்கியது.

ரத்தக்கட்டி கழுவ மூன்று இரவு.
மும்முனைக் குழாய், அதில் ஓடிய உப்புநீர் நாற்பது லிட்டர்.
பிறகு படிகாரம்.
சவரக் கத்தி வெட்டுக்கு வைக்கிற அதே படிகாரம்தான்;
இங்கே வந்ததும் அதற்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு தொகை.

அதுவும் நிற்காமல், அழுத்த அறை.
கண்ணாடிக் குழலுக்குள் படுத்து ஆக்சிஜன் குடிக்க வேண்டும்,
நாற்பது முறை. முக்குளிப்பு என்பார்கள் ஊழியர்கள்.
சுப்பீரியர் ஏரி உறைந்து கிடந்த மாதத்தில்
வாரம் ஐந்து நாள் முக்குளித்தாள்.
போகவர நூற்றிருபது மைல். அதற்கு என்னிடம் எண் இல்லை.
கதவு இரண்டு மணி நேரம் திறக்காது;
அவளுக்குத் தாங்குவது இருபது நிமிடம்.
அதற்கும் இல்லை.

செவ்வாயன்று அவளே கூப்பிட்டாள்.
"பதினாலாம் தேதி ரெண்டு தடவை கழுவினதா போட்டிருக்கு.
ஒரு தடவைதான். நான் முழிச்சிருந்தேன்."
பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.
ஆறாம் பக்கம், ஏழு, எட்டு, வரிவரியாகப் போனோம்.
ஒன்பதில், "கொஞ்சம் இருங்க."
ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம்.
பிறகு ஓட்டம்.

எங்கள் இணைப்பு மௌனத்தைப் பொறுக்காது.
தொண்ணூறு விநாடியில் துண்டித்துவிடும்,
மறுபடி வந்தால் வரிசையில் நாற்பது நிமிடம்.
அதனால் பேசினேன், ஆளில்லாத ஒரு சமையலறையோடு.
கையுறை பதினாறு. சிரிஞ்சு, அறுபது மில்லி. மயக்க மருந்து, கால் மணிக்கு இவ்வளவு.
பட்டியல் தீர்ந்ததும்
மதியம் நான் தின்ற மீன் சாண்ட்விச்சைப் பற்றிச் சொன்னேன்.
அந்தப் பக்கம் குளிர்சாதனப் பெட்டி முனகியது.
தெருவில் பனி வாருகிற லாரி.
தண்ணீர் இழுத்துவிடும் சத்தத்துக்கு
இப்படி நான் காத்திருந்ததே இல்லை.

வந்தாள். மூச்சு வாங்கியது.
என்ன நிறம் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.
அவளே சொன்னாள்: "இன்னைக்கு வெறும் ரோஸ்தான்.
எங்க விட்டோம்?"

"ஒன்பதாம் பக்கம்," என்றேன்.
"மேலிருந்து மூணாவது வரி."