கடைசி விலா வரை

முதல் குட்டியைக் கொன்றது நான்தான்.
அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

டெக்ஸஸில் பிப்ரவரி.
ஐஸ் கட்டிய ஜூனிப்பர் கிளைகள்
கனம் தாளாமல் இரவெல்லாம் முறிந்தன,
பக்கத்து வீட்டில் யாரோ
கோபத்தில் தட்டுகளை உடைப்பதுபோல.
பக்கத்து வீடு நாலு மைல்.
கரண்ட் போய் ஆறு மணி நேரம்.

அங்கோரா ஆடு, காதுப்பட்டை நாற்பத்தொன்று,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
இரண்டு ஈன்றிருந்தது.
ஒன்றைக்கூட நக்கி முடிக்கவில்லை.

வாயில் விரல் விட்டேன். சப்பவில்லை.
நாக்கு குளிர்ந்த ஈரத்துணி.
அவசரத்தில் அளக்காமலே குழாயைச் செருகினேன்.
இருமியது, ஒரே ஒரு முறை, மிகச் சின்னதாக.
தும்மல் என்று நினைத்துக்கொண்டேன்.
பால் தடையில்லாமல் இறங்கியது.
மூக்கில் நுரை வந்தபோதுதான்
எங்கே இறங்கியது என்று புரிந்தது.

அன்செல்மோவைக் கூப்பிட்டேன்.
லாரியோடு ஏதோ பாலத்தடியில் மாட்டியிருந்தான்.
ஃபோனில் ஒன்பது சதவீதம்.
நான் அழுது முடிக்கும்வரை சும்மா இருந்தான்.
“இன்னொண்ணு?” என்றான்.
இருக்கு.
“அப்ப வை ஃபோனை, ஒத்திலியா.”

அதைப் பிளாஸ்டிக் பையில் கழுத்துவரை கட்டி
வெந்நீர் வாளியில் இறக்கினேன்.
உடம்பு நனையக் கூடாது,
வாசனை கழுவிப்போனால்
தாய் தன் கணக்கில் சேர்க்காது.
தெர்மாமீட்டர் தொண்ணூற்று நாலு காட்டியது.
நூறு தொடாமல் ஒரு சொட்டும் கூடாது,
குளிர்ந்த வயிற்றில் பால் கல்.
வாளியருகே குந்தியிருந்தேன்.
கைகளுக்கு ஒரு வேலையும் இல்லை.
அதுதான் வேலை.

நாற்பத்தொன்றைத் தொடைகளுக்கிடையே இறுக்கி
மறுபடி கறந்தேன்.
காபிக் கோப்பையில் இரண்டு விரல் சீம்பால்,
மஞ்சளாய், தேன் பதத்தில்.
மடியில் மிச்சம் அவ்வளவுதான்.
முதல் கோப்பையை
ஒரு நுரையீரலுக்குக் கொடுத்திருந்தேன்.

அதே குழாய். கொதிநீரில் அலசினேன்.
இம்முறை அளந்தேன்:
மூக்கு நுனி, கழுத்து, கடைசி விலா.
பேனாவால் ஒரு கோடு.

இடது கடைவாயோரம் நுழைத்து நின்றேன்.
அது விழுங்கியது.
இன்னும் கொஞ்சம். விழுங்கியது.
கழுத்தைத் தடவினேன். இரண்டு குழல்கள்.
வளையம் வளையமாய் இருப்பது அதனுடையது.
வழுவழுப்பானது என்னுடையது.
வெளிமுனையைக் காதில் வைத்தேன்.
மூச்சுச் சத்தம் இல்லை.
மூச்சு கேட்கவில்லையென்று
நான் நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

சிரிஞ்சின் தண்டை உருவிப் போட்டுவிட்டு
மேலே தூக்கிப் பிடித்தேன்.
பால் அசையவில்லை.
தள்ளாதே, தள்ளாதே.
ஒரு குமிழி மேலேறி வெடித்தது.
பிறகு தன் எடையிலேயே
மெல்ல, மிக மெல்ல, கோடு கோடாய் இறங்கியது.
குழாயை மடித்துக் கிள்ளி இழுத்தேன்.

நோட்டில் எழுதினேன்: 41, ஈற்று இரண்டு, சாவு ஒன்று.
காரணம் என்ற இடத்தில்: குளிர்.
அடித்தேன்.
அந்தக் கட்டம் இன்னும் காலிதான்.

விடியும்போது குட்டி என் மடியில் மூத்திரம் பெய்தது,
சூடாக. சிரித்துவிட்டேன்.
கொண்டுபோய் விட்டேன்.
நாற்பத்தொன்று முகர்ந்தது, நக்கியது,
தொண்டைக்குள் ஏதோ சொன்னது.
பிறகு தலையை நீட்டி
என் வெறுங்கையை முகர்ந்தது,
வெகுநேரம்.