எழுத்துக்கு எண்ணூறு பெசோ

கல்லறைக்குப் பெயர் வெட்டிப் பழகிய கை இது.
பிறந்த ஆண்டு, நடுவே ஒரு கோடு, இறந்த ஆண்டு.
அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை.

உயிரோடு இருப்பவர்களுக்கு வெட்டச் சொல்லி
மார்ச் மாத மழையில் வந்தாள் பிரிசீலா ஒயார்சோ,
எங்கள் துறைமுகத்து அருங்காட்சியகத்தின்
இயக்குநர், காசாளர்,
கூரை ஒழுகினால் வாளி வைப்பவளும் அவளே.
பதினாறு பித்தளைத் தகடு, எல்லாம் ஒரே அளவு.
எழுத்துக்கு எண்ணூறு பெசோ என்றேன்.
உதட்டைக் கடித்துக்கொண்டு சரி என்றாள்.

சிலோயேயின் சின்னத் தீவுகளிலிருந்து
வியாழன்தோறும் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள்,
படகேறி, வாந்தியெடுத்து, பாதி நனைந்து,
திமிங்கலத் தாடையெலும்புக்குள் நுழைந்து நின்று
எத்தனை பேர் கொள்ளும் என்று எண்ணிப் பார்க்க.
அந்த டீசலுக்கும் மதியச் சூப்புக்கும்
வண்ணப் பென்சிலுக்கும் கொடுத்தவர்கள் பதினாறு பேர்.

எர்மெலிந்தா ஹுவென்சுயாங்கா சிப்பி விற்கிறவள்,
கடிகாரத்தை விட்டுக் கடல் வற்றும் நேரம் பார்த்து எழுகிறவள்.
மாதம் ஐயாயிரம், ஈரம் காயாத நோட்டாக.
இருபத்திரண்டு எழுத்து அவள் பெயர்.
விரல் விட்டு எண்ணினாள், விலை கேட்டாள்.
"முதலெழுத்து ரெண்டு போதும், தம்பி.
மிச்சத்தைப் படகுல ஊத்து."
பதினாறாயிரம் பெசோ இரண்டு புள்ளிக்குள் அடங்கிவிட்டது.

மருந்துக்கடை தியோலிந்தா மான்சீயா
குமட்டல் மாத்திரைக்குக் காசு வாங்குவதில்லை.
கால்பந்துக் கழகம்
தோற்ற ஆட்டங்களின் டிக்கெட் பணத்தைக் கொடுத்தது.
வென்றதைக் குடித்துத் தீர்த்தார்கள்.
சால்மன் கம்பெனி மேலாளர் ஒரு மீட்டர் அகலம் கேட்டார்,
நீல மீன் சின்னத்தோடு.
முடியாது என்றாள் பிரிசீலா.
முகம் சுருங்கிப் போனவர்
மறுநாள் காசோலையை ஒரு பெசோ குறைக்காமல் அனுப்பினார்.
அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு தகட்டுக்குப் பெயரே வரவில்லை.
யார் என்று அவளுக்குத் தெரியும், என்னிடம் சொல்லவில்லை.
"வெறுமையாகவே மெருகேற்று" என்றாள்.
ஒரு பகல் முழுக்கத் தேய்த்தேன்.
எழுத்து இல்லை, ஆகவே ரசீதில் பூஜ்யம்.

ஆணி அடிக்கும்போதுதான் சண்டை.
நான் என் கண்ணுயரத்தில் வைத்தேன்,
அவள் இடுப்புக்கும் கீழே இறக்கினாள்.
"படிக்கப் போகிறவர்கள் உயரம் இதுதான்."
திறப்பு விழாவில் ஊரே குனிந்தது.
டை தரையைத் தொட மண்டியிட்டு
மேலாளர் தன் கம்பெனியைத் தேடினார்.
எர்மெலிந்தாவுக்கு முதுகுவலி, அவள் குனியவில்லை.
தூரத்திலிருந்தே
தன் இரண்டு புள்ளியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

வியாழன் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள்.
திமிங்கலத்தை விட்டுவிட்டு
வெற்றுத் தகட்டின் முன் வரிசை கட்டினார்கள்,
பல் விழுந்த இடத்தைக் காட்டி,
நாக்கை நீட்டி, மூக்கை நசுக்கி.
மற்றத் தகடுகளில் விரலை ஓட்டி
எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்,
வெட்டிய பள்ளமெல்லாம் சூப்பு எண்ணெய் ஏறும்வரை.

படகோட்டி ரிகோபெர்த்தோ யாங்கலாவேன்,
வாரம் ஒரு நாள் கூலியில்லாமல் படகை விடுகிற மனுஷன்,
அவர் பெயர் வந்ததும் ஒரு பையன் நின்றான்.
அதே தீவு, அதே குடும்பப் பெயர்.
"எங்க பேர்ல ரெண்டு எல். இதுல ஒண்ணுதான் இருக்கு."

முப்பது வருஷமாகக் கல்லில் வெட்டுகிறேன்.
ஒருவரும் எழுந்து வந்து பிழை சொன்னதில்லை.

அன்றிரவு கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு
நானும் மண்டியிட்டேன்.
விடுபட்ட எழுத்தை இடப்பக்க ஓரத்தில் செருகினேன்,
கொஞ்சம் நெருக்கம்தான்.
ரசீதில் அதைச் சேர்க்கவில்லை.
எண்ணூறு பெசோ.
என்னால் ஆனது அவ்வளவுதான், பிரிசீலா.
பெயர் போட வேண்டாம்.