இந்தப் பக்கம் மேலே

ஒரு நாளைக்கு நூற்றி நாற்பது கதவு.
மணியை அழுத்து, பெட்டியை வை,
இரண்டு மீற்றர் பின்னால் போ, படம் எடு.
படத்தில் ஆட்கள் விழக்கூடாது,
அது கொம்பனிச் சட்டம்.
அதனால் ஹவுன்ஸ்லோவில் எனக்கு முகங்கள் தெரியாது,
வாசற்படிகள் தெரியும்.
உடைந்த பூச்சாடி, கழுவாத பால் போத்தல்,
'எங்களுக்கு வந்திட்டுது, கிட்ட வராதேங்கோ' என்று
ஒரு குழந்தை பச்சைப் பென்சிலால் எழுதிய தாள்.

மிதுலா ஸ்வான்சியில்.
நாலாம் மாடி, ஆறு அறை, ஒரு குசினி.
ஒருத்திக்குக் காய்ச்சல் வந்ததில்
ஆறு பேருக்கும் பதினாலு நாள்.
"நான் வரட்டோ?"
"வேண்டாமப்பா, வேல்ஸை மூடிப்போட்டாங்கள்."
செவேர்ன் பாலத்தில் காசு வாங்குவதை நிறுத்தியபோது
வான் ஓடுகிறவன், சந்தோஷப்பட்டேன்.
இப்போது காசு தந்தாலும் விடமாட்டார்கள்.

ரூபி பெட்டி கட்டினாள்.
வறுத்த அரிசிமா, கறித்தூள், தேசிக்காய் ஊறுகாய்,
பரசிற்றமோல் நாலு பெட்டி.
ஆளுக்கு இரண்டுதான் தருவார்கள்,
ஒருவரையொருவர் தெரியாதவர்போல
முன்னும் பின்னும் வரிசையில் நின்றோம்.
தூக்கிப் பார்த்தேன், பன்னிரண்டு கிலோ.
"ரெண்டாப் பிரியும், தூக்கிறவன்ரை முதுகு பாவம்."
கேட்கவில்லை.
தடித்த பேனையால் மூடியில் எழுதினாள்:
இந்தப் பக்கம் மேலே.
"இங்கிலீசில எழுதும்."
"பிள்ளைக்குத்தானே போகுது."

வியாழன், ஸ்ரெயின்ஸ் வீதி ஓரம்,
மடியில் பாண், கையில் ஃபோன்.
பெட்டி பிரிஸ்ரலைக் கடந்தது.
பெட்டிக்கு எல்லை இல்லை.
யாரோ ஒருவனின் வான் புள்ளியாய் நகர்ந்தது,
நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது.
எங்கே நிற்கிறான், மூத்திரத்துக்கா என்று வைதேன்.
நானும் யாரோ ஒருவரின் திரையில்
இப்படித்தான் நின்று நின்று போகிறேன்
என்பது பிறகுதான் உறைத்தது.

படம் வந்தது.
பெட்டி தலைகீழாய்.
ரூபியின் எழுத்துகள் கால் மேலே கிடந்தன.
ஓரத்தில், திறந்த கதவிடுக்கில்,
சாம்பல் காலுறை போட்ட இரண்டு பாதம்.
என் காலுறை.
குதியில் பச்சை நூலால் நான் தைத்த தையல்.
கணுக்கால் மெலிந்திருந்தது,
அல்லது படம் அப்படி.
அவனுக்கு அவசரமோ, மனமோ,
சட்டத்தை மீறியிருந்தான்.
விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கடைசியில் சாம்பல் நிறம்தான் மிஞ்சியது.

இரவு திரையில் சிரித்தாள்.
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை
ஆறாம் வகுப்போடு விட்ட பிள்ளை
எழுத்துக் கூட்டினாள்: "மே... லே.
அம்மா, அதுதான் ஊறுகாய் முழுக்க மாவுக்குள்ள!"
"ஐயோ, எறிஞ்சிட்டியே?"
"இல்லை, அப்பிடியே புட்டு அவிச்சம்.
ஆறு பேரும் சாப்பிட்டம்.
ஒராளுக்கு மட்டும் மணமும் தெரியேல்லை,
உறைப்பும் தெரியேல்லை."

அது ஆர் என்று நான் கேட்கவில்லை.
ரூபியும் கேட்கவில்லை.
மூட்டாத அடுப்பை நிற்பாட்ட எழுந்து போனாள்.
"தண்ணி குடி" என்றேன்.
"குடிக்கிறன்."
"சுடுதண்ணி."
"ஓமப்பா."

அடுத்த நாள் ஐல்வேர்த்தில் மாணவர் விடுதி.
கனத்த பெட்டி.
பழைய துணியால் சுற்றி, கயிற்றால் இறுக்கி,
நான் வாசிக்க அறியாத எழுத்தில்
ஒரு பக்கம் மட்டும் ஏதோ பெரிதாய் எழுதியிருந்தது.
வைத்தேன், பின்னால் போனேன், போகவில்லை.
கதவு திறந்தது. தலை வாராத பையன்.
பெட்டியைக் காட்டி, கையை மேலும் கீழும் ஆட்டி,
"எது?" என்று கேட்டேன்.
அவன் விரலைக் காற்றில் சுழற்றினான்.
முழங்காலில் இருந்து புரட்டி வைத்தேன்.
படத்தில் அவன் செருப்பு விழுந்தது.
விழட்டும்.

இன்னும் தொண்ணூற்றாறு கதவு.